ஒலி புகாத அறையில் ஒரு மரண வாக்குமூலம்

என் இடது கால் என் பேச்சைக் கேட்காது. நான் உட்கார்ந்த மறு நிமிடமே குதிகாலைத் தூக்கிக்கொண்டு தையல் மெஷின் மிதிக்க ஆரம்பித்துவிடும். பரீட்சை அறையில் முன் பெஞ்சுக்காரி திரும்பி முறைத்திருக்கிறாள். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்திருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளர்கள் தட்டில் கிணுகிணுக்க, மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பூகம்பமோ என்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். இதில் பெரிய கொடுமை, கால் ஆடுவது எனக்கே தெரியாது. யாராவது சொன்னால் நிறுத்துவேன். சொன்னவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அது மறுபடி வேலைக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட நான் பார்த்த வேலை என்ன தெரியுமா? திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில், இன்டர்வியூவில் ஆடாமல் அசையாமல் உட்காருவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. (நின்றுகொண்டே வகுப்பெடுப்பேன். அதனால் பிழைத்தேன்.) அதுவும் தற்காலிக வேலை. கோடை விடுமுறை வந்தாலே, கல்லூரி திறக்கும்போது மறுபடி கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கல்லூரித் தாளாளர் பெயர் நாச்சிமுத்து. எல்லோருக்கும் ஐயா. ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவர், அந்தச் சம்பாத்தியத்தில் கல்லூரி கட்டினார். ஆள் நல்ல உயரம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டிலும் அப்பளம் மாதிரிக் கஞ்சி. குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரிக் ஓடும்போது கம்ப்ரஸர் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காதாம். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய தொண்டை. அவர் ரிக்கை விட்டு இறங்கி வருடக்கணக்காகிவிட்டது. தொண்டைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கீழ்த்தளத்தில் அவர் "காப்பி" என்று சொன்னால், மாடியில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் தங்களைத்தான் சொல்கிறார் என்று பயந்து பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அட்மிஷன் நேரம். ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனம்மிணி, இந்தப் பாட்டு கேசட்டுங்கறாங்களே, அது என்னது?"

"பாட்டு கேசட்டுங்களா ஐயா?"

"அதான், எதுத்த காலேஜுக்காரன் போட்டிருக்கறானாமா. ரெண்டு பேரு உக்காந்துக்கிட்டுச் சும்மா பேசறாங்களாமா. பசங்க காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறாங்களாமா."

"ஓ, பாட்காஸ்ட்டுங்களா ஐயா?"

"அதேதான். அவன் போட்டா நாமளும் போடோணுமல்லோ? அவன் ஆபீஸ் ரூமுல உக்காந்து போனுல புடிச்சிருக்கறான். நாம சேலத்துக்குப் போயி ஸ்டுடியோவுலயே புடிச்சுப்போடுவோம். நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது மட்டும் நல்லா வந்துச்சுன்னா உன்ற வேலைய நெரந்தரம் பண்றதப் பத்தி ரோசனை பண்ணலாம்" என்றார்.

ரோசனை பண்ணலாம் என்று அவர் சொன்னதை, பண்ணியாச்சு என்று காதில் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டுடியோவில் என்னென்ன இருக்கும், எப்படி உட்கார வேண்டும், மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் வாய் இருக்க வேண்டும் என்று செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். சலசலக்கும் துணி கூடாது. வளையல், தொங்கட்டான் ஆகாது. பால், தயிர் தொடக் கூடாது, தொண்டை கட்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ("நிறைய" என்று போட்டிருந்தார்களே தவிர, எவ்வளவு என்று போடவில்லை. விபரீதம் இங்கேதான் ஆரம்பித்தது.)

சலசலக்காத துணிக்காக பீரோவையே கவிழ்த்துப் பார்த்து, துவைத்துத் துவைத்து நிறமே மறந்துபோன ஒரு சுடிதாரை எடுத்தேன். பூனை நடப்பதுபோல் அவ்வளவு அமைதி. என் கணவர் கார்த்தி வாசலில் நின்று பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டா போற? இது வண்டி தொடைக்க எடுத்து வெச்சதல்லோ?"

"குரல் மட்டுந்தானுங்க. என்னைய ஆரு பாக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டில்களோடு கிளம்பினேன்.

ஐயாவே கார் ஓட்டினார். ரிக் லாரி ஓட்டிய கை. சங்ககிரி தாண்டி பெரிய ரோட்டில் ஏறியதும், முன்னால் போகும் வண்டியெல்லாம் இவர் ஹாரன் அடிக்கும் முன்பே, இவர் பேச்சைக் கேட்டு ஒதுங்குவதுபோல் எனக்குத் தோன்றியது. "நான் வந்து சாதாரண குடும்பத்துல பொறந்தேன்!" என்று பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். நான் பதற்றத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தேன். சேலம் வரும்போது பாட்டில்கள் எல்லாம் காலி. நான் நிறைந்திருந்தேன்.

ஸ்டுடியோ ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தது ஜெனிஃபர் என்கிற பெண். சவுண்டு, கேமரா, எடிட்டிங் எல்லாம் அவள்தான். கழுத்தில் ஹெட்ஃபோன். யாரோ உள்ளே தூங்கிக்கொண்டிருப்பதுபோல் மெல்லிய குரலில் பேசினாள்.

"வாங்க சார், வாங்க மேடம். மூணு கேமராவும் ரெடி."

"கேமராவா?" என்றேன்.

"ஆமா மேடம். இப்ப யாரு வெறும் ஆடியோ மட்டும் போடறாங்க? சொல்லலையா உங்ககிட்ட?"

சொல்லியிருக்கலாம். நான்தான் துணியின் சத்தத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேனே. ஜெனிஃபர் என் சுடிதாரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே சுவரைப் பார்த்தாள். நல்ல வளர்ப்பு. பிறகு, "கெஸ்ட்டுங்களுக்குன்னு ஒரு கோட் வெச்சிருக்கோம் மேடம்" என்று எடுத்துக் கொடுத்தாள். அது ஐயா அளவு ஆளுக்குத் தைத்த கோட்டு. உள்ளே போன என் கைகள் மறுபடி வெளியே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மழைக்குச் சாக்கைப் போர்த்திய மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, பாத்ரூம் எங்கே என்பது. ஐயா பக்கத்தில் நின்றார். வாய் வரவில்லை. "மத்தியானம் ஒரு கண்ணாலத்துக்குப் போகோணும், வெசையா ஆரம்பிங்க" என்று அவர் அவசரப்படுத்த, உள்ளே போய்விட்டேன்.

பெட்டிக்குள் பெட்டி மாதிரி ஒரு அறை. சுவரெல்லாம் கறுப்பு மெத்தை. நடுவில் ஒரு மேசை, பக்கப்பலகை தரை வரைக்கும் அடித்திருந்தது. இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எதிரெதிராக நானும் ஐயாவும். மேசையில் கம்பி போட்டு நிறுத்திய இரண்டு மைக்குகள். ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப்புறம் ஜெனிஃபர். கனமான கதவு மூடிக்கொண்டதும் ஓர் அமைதி வந்தது பாருங்கள், நான் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது. சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். அப்படியோர் அமைதியில் என்ன செய்வதென்று என் உடம்புக்குத் தெரியவில்லை.

"காது அடச்சுக்கிச்சு சாமி" என்றார் ஐயா. "கொல்லிமலை ஏறுனாப்புல இருக்குது."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளச் சொன்னாள் ஜெனிஃபர். ஐயா மாட்டிக்கொண்டு, "அலோ" என்றார். தன் குரல் தன் காதிலேயே விழுந்ததும் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினார்.

"ஆருங்க அது, எங்கப்பனாட்டப் பேசறது?"

"உங்க குரல்தான் சார்" என்று ஹெட்ஃபோனுக்குள் ஜெனிஃபர் சொன்னாள். "லெவல் பாக்கணும். காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு சாதாரணமா சொல்லுங்க."

"இட்டிலீங்க!" என்றார் ஐயா.

கண்ணாடிக்கு அந்தப்புறம் ஜெனிஃபர் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். (தக்காளிச் சட்டினியைப் பற்றி அவர் சொன்னதை அவள் கேட்கவே இல்லை.) உள்ளே வந்து மைக்கைத் தள்ளி வைத்தாள். ஐயாவின் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். மறுபடி இட்டிலி. மறுபடி இழுத்தாள். ஐயா முதுகு சுவரைத் தொட்டது. இனி இழுக்க இடமில்லை என்றதும் அவள் என்னைப் பார்த்தாள். மெதுவாகப் பேசுங்கள் என்று தாளாளரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே யாரும் செய்யாத காரியம்.

"ஐயா... கொஞ்சம்... மெல்ல..."

"ஓ! ரிக்குல பேசிப் பழகுன வாயி, அதான்!" என்றவர், அடுத்த வாக்கியத்தைத் துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசினார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஒரு கியரே அவருக்குக் கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று டாப் கியர், இல்லையென்றால் இஞ்சின் ஆஃப்.

எப்படியோ சமாளித்து, "ரோலிங்" என்றாள் ஜெனிஃபர். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மனப்பாடம் செய்திருந்த வணக்கத்தை ஆரம்பித்தேன். ஒரு வரிதான் பேசியிருப்பேன்.

"ஒரு நிமிஷம் மேடம். ஏதோ சத்தம் வருது. டொக் டொக்னு."

எனக்கும் ஹெட்ஃபோனில் கேட்டது. அடியில் எங்கேயோ, சீராக, டொக், டொக், டொக். ஜெனிஃபர் உள்ளே வந்தாள். அவள் வந்ததும் நான் மரியாதைக்கு எழுந்து நின்றேன் (பாத்ரூம் போக ஒரு வாய்ப்பு கிடைக்குமா என்றும்தான்). சத்தம் நின்றுவிட்டது. வயரை ஆட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெளியே போனாள். நான் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு. டொக், டொக், டொக்.

ஏசி சத்தமாக இருக்கும் என்று ஏசியை அணைத்தாள். சேலத்து வெயில் காலம். மெத்தை அடித்த அறை. நான் கோட்டுக்குள் வெந்தேன். டொக், டொக். ஐயாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே கொண்டுபோனாள். டொக், டொக். கீழே மெத்தைக் கடையில் ஏதாவது அடிக்கிறார்களா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே விற்பனை மெத்தையிலேயே ஒருவர் தூங்குகிறாராம். டொக், டொக், டொக்.

"மேசைய யாராவது தொடறீங்களா?"

"நான் தொடலீங்க" என்று இரண்டு கைகளையும் கோட்டோடு தூக்கிக் காட்டினேன். கையை மட்டும்தான் சரிபார்த்தேன்.

அப்போதுதான் ஐயாவைக் கவனித்தேன். முகம் வெளுத்திருந்தது. ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்தார்.

"அம்மிணி. அது மிசின் சத்தமில்ல."

"பின்னே என்னங்க ஐயா?"

"என்ற நெஞ்சு."

இவ்வளவு நல்ல மைக்கில் இதயம் கேட்டாலும் கேட்கும் என்று நானும் நம்பினேன். நம்பியதும் பயம் வந்தது. பயம் வந்ததும் சத்தம் வேகம் பிடித்தது. டொக்டொக்டொக்டொக்.

"பாரு, வெசை புடிக்குது" என்றார் ஐயா. "நாப்பது வருசம் ரிக்குல நின்னவன் நான். ஹேமர் சரியா அடிக்குதா இல்லையான்னு சத்தத்த வெச்சே சொல்லிப்போடுவேன். இது சரியில்ல. ஹேமர் தனியா அடிக்குது, கம்ப்ரஸர் தனியா ஓடுது."

"ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க..."

"இரு சாமி. எந்திரிச்சா விழுந்தாலும் விழுந்துருவேன். இது ரெக்கார்டு ஆகுதா?"

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலையை ஆட்டினேன்.

"ஆகட்டும்" என்றார். நாற்காலியை இழுத்து மைக்குக்குப் பக்கத்தில் வந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேச ஆரம்பித்தார். கத்தலும் இல்லை, கிசுகிசுப்பும் இல்லை. அவரிடம் இல்லவே இல்லை என்று நான் நினைத்த அந்த நடு கியர்.

"சரசு. நாந்தான் பேசறேன். நான் ஊடு வந்து சேருவனோ என்னமோ தெரியல. நான் ரிக்கோட போயி மாசக்கணக்குல வராம கெடந்தப்பவெல்லாம் புள்ளைகள நீதான் வளத்துன. ஒரு நாளு கூட உன்னைய நீ சாப்பிட்டயான்னு நான் கேட்டதில்ல. வந்து உக்காந்தவுடனே கொழம்புல உப்புப் பத்தலன்னுதான் சொல்லுவேன். எத்தன வருசமாச் சொல்லிட்டிருக்கறேன். அதெல்லாம் சும்மா சரசு. எங்கப்பன் எங்காத்தாளச் சொன்னான், அதனால நானுஞ் சொன்னேன். உப்பு எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. (வேறு இடத்திலும் முட்டிக்கொண்டிருந்தது.) கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். ஜெனிஃபர் முகமெல்லாம் மலர்ந்து, இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டி, 'இதே லெவல், இதே லெவல்' என்று வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

"பொறவு, இந்தக் கவிதா புள்ள" என்று ஐயா என்னைக் காட்டினார். "கடேசி நேரத்துல பக்கத்துல இருந்தது இதுதான். இத நெரந்தரம் பண்ணிப்போடுங்க. பசங்க லேட்டா வந்தா கேட்டுக்கு வெளிய நிறுத்தாதீங்க. எல்லாத்தையும் நான் மன்னிச்சுட்டேன்." கொஞ்சம் யோசித்து, "எதுத்த காலேஜுக்காரனத் தவுத்து" என்று முடித்தார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவை முட்டித் திறந்து, "ஹார்ட் அட்டாக்! ஹார்ட் அட்டாக்!" என்று அலறினேன்.

ஜெனிஃபருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாவம், அதுவரை அதெல்லாம் எழுதி வைத்துப் பேசிய முன்னுரை என்று நினைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி அடுத்த தெருதான். ஐயாவைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவள் பறக்க, கஞ்சி போட்ட வேட்டி பாய்மரம்போல் விறைத்து நிற்க, பின்னால் அந்த சாக்குக் கோட்டோடு நான் ஓடினேன். வெயிலில் சேலத்து ஜனம் நின்று பார்த்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஐயா ஸ்கூட்டரை விட்டு இறங்கி நிமிர்ந்து நின்றார். மூச்சிரைக்க, முகம் கோணி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த என்னைப் பார்த்த நர்ஸ், சக்கர நாற்காலியை நேராக என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நான் இல்லீங்க சிஸ்டர், அவரு! எனக்கு பாத்ரூம்!"

நான் திரும்பி வந்தபோது ஐயாவுக்கு ஈசிஜி எடுத்து முடித்திருந்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. என்ன பண்ணுச்சு உங்களுக்கு?"

"டொக்கு டொக்குனு கேட்டுச்சுங்க டாக்டர்."

"எங்க கேட்டுச்சு?"

"காதுல."

டாக்டர் பேனாவை மூடினார். எதற்கும் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள், இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்றார்.

வெளியே இரும்பு நாற்காலிகள், ஒன்றோடொன்று சேர்த்து ஒரே கம்பியில் பொருத்தியவை. ஐயா ஒரு முனையில். நடுவில் தாரமங்கலத்துப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், மடியில் ஸ்கேன் கவரோடு. நான் மறுமுனையில். ஜெனிஃபர் எங்கள் முன்னால் நின்றிருந்தாள். எனக்கோ ஆயிரம் கவலை. ஐயாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் வீட்டம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன், கூடப் போனவள் நான்தானே.

"அம்மிணி!" என்று ஐயா நெஞ்சைப் பிடித்தார். "மறுக்காவும் அடிக்குது!"

டொக், டொக், டொக். இப்போது ஹெட்ஃபோனே இல்லை. எல்லோருக்கும் கேட்டது. ஜெனிஃபர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் பார்வை ஐயாவிடமிருந்து மெதுவாக நகர்ந்து, நாற்காலி வரிசை ஓரமாக வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும் முன் நடுவில் இருந்த அம்மாள் என் தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏந்தாயி, சித்த அந்தக் கால ஆட்டாம இரு. ஏற்கெனவே எனக்குத் தலைசுத்தல்னுதான் வந்திருக்கறேன்."

கால் நின்றது. டொக் நின்றது.

ஐயா என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். பிறகு நெஞ்சிலிருந்த கையை எடுத்து, மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஸ்டுடியோ அறையில்கூட அப்படியோர் அமைதி இல்லை.

திரும்பும் வழி முழுக்க கார் இஞ்சின் சத்தம் மட்டும்தான். நான் இரண்டு கைகளாலும் இடது முழங்காலை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விட்டது. அதில் சந்தேகமே இல்லை. வேறு எங்கே விண்ணப்பம் போடலாம் என்று மனசு மேட்டூர், ஈரோடு, கரூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஐயாவின் போன் அடித்தது. ஜெனிஃபர்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், எடுத்த வரைக்கும் ஃபைலை எந்த நம்பருக்கு அனுப்பட்டும்?"

அந்தப் பேச்சையே முடித்துவிட வேண்டும் என்ற எரிச்சல் அவருக்கு. "என்ற போனுல எடமில்ல. ஊட்டு நெம்பருக்கு அனுப்பி உடு!" என்று ஒரு நம்பரைச் சொல்லிவிட்டு வைத்தார்.

வீட்டு நம்பர் என்றால் அவர் மனைவி சரஸ்வதி அம்மாவின் நம்பர். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு வரவில்லை. சொல்லலாமா? சொன்னால் மறுபடி அந்தப் பேச்சை எடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால்? திருச்செங்கோடு மலை தெரியும் வரை வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்து, சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை சரஸ்வதி அம்மாவிடமிருந்து போன். "அம்மிணி, ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போ." கார்த்திதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

ஐயா சாப்பாட்டு மேசையில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டினியைப் பார்த்தார். அம்மா எதிரில் நின்றிருந்தார். ஒல்லியான உருவம், மெல்லிய பேச்சு. மேசையில் அவர் போன்.

"வா சாமி, உக்காரு" என்றார். நான் நின்றுகொண்டேன்.

அம்மா போனை அழுத்தினார். அந்த நல்ல மைக்கில் பதிந்த குரல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் அவ்வளவு தெளிவாக வந்தது. உப்பு எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு. பின்னணியில் என் கால், டொக், டொக் என்று. இந்தக் கவிதா புள்ள, இத நெரந்தரம் பண்ணிப்போடுங்க. டொக், டொக்.

"அது... அப்ப இருந்த பயத்துல பேசுனது சரசு" என்றார் ஐயா. "இந்தப் புள்ள காலு ஆட்டுனதுல வந்த வெனை. அதையெல்லாம் கணக்குல எடுத்துக்கப்படாது."

"எடுத்துக்க வேண்டாமுங்க" என்றார் அம்மா, குரல் உயராமல். "அதுல ரெண்டு சங்கதி சொல்லியிருக்கறீங்க. ஒண்ணு என்னையப் பத்தி. ஒண்ணு இந்தப் புள்ளையப் பத்தி. நெசம்னா ரெண்டும் நெசம். பயத்துல சொன்ன பொய்யின்னா ரெண்டும் பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஐயா இட்லியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் அவசரமே இல்லை. எத்தனையோ வருடம் காத்திருந்தவர், இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் என்ன என்பதுபோல். ஐயாவின் கண்ணோரம் ஏதோ நெகிழ்ந்தது. சட்டென்று எழுந்து கை கழுவப் போனார். போகிற போக்கில் சுவரைப் பார்த்து, "ஆர்டரு அடிச்சுக் கொண்டாரச் சொல்லு, கையெழுத்துப் போடறேன்" என்றார். அதுவும் நடு கியரில்.

அந்தப் பாட்காஸ்ட் வெளிவரவே இல்லை. எதிர்க் கல்லூரிக்காரர்கள் அந்தத் துறையில் இன்றும் தனியாகத்தான் கொடிகட்டிப் பறக்கிறார்கள். நான் அதே கல்லூரியில்தான் இருக்கிறேன். என் வேலைக்கான ஆணை, ஆடிக்கொண்டிருந்த ஒரு காலால் வந்தது என்பதை மாணவர்களுக்கு மட்டும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் உப்பு ஒரு தனி பாஷையாகிவிட்டது. சண்டை போட்டுவிட்டு இறங்கி வரும்போது கார்த்தி மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை. கதவோரம் நின்று, "உப்பு எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு" என்பார். கதை முழுதாகத் தெரியாத என் மகள்கூட, கணக்கில் மார்க் குறைந்த தாளை நீட்டும்போது, "உனக்கு உப்புச் சரியாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிப் பார்க்கிறாள்.

போன மாதம் ஐயா வீட்டில் பேத்திக்குச் சீர் விசேஷம். நாங்களும் போயிருந்தோம். பந்தியில் ஐயாவுக்கு எதிர் வரிசையில் எனக்கு இடம். சரஸ்வதி அம்மா பந்தியைப் பார்வையிட்டபடி, கையில் போனோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். அம்மாவையும் போனையும் பார்த்த ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உப்புச் சரியா இருக்குது சரசு!"

பந்தல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இலையில் அப்போது தண்ணீர்தான் தெளித்திருந்தார்கள்.